சிப்பை விட்டு விலகாமல் கார்டில் பணம் வாங்குவது எப்படி: செட்டிநாட்டுக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. தேக்குக் கதவு நிலை ஒன்றுக்கு 38,000 ரூபாய் விலை படிந்துவிட்டது. வாங்க வந்தவர் கார்டைச் சொருகுகிறார். மெஷின் ‘சிப் பிழை’ என்கிறது. மறுபடி சொருகுகிறார், மறுபடியும் அதே. “தேய்ச்சுப் பாருங்க, என் கார்டு எப்பவும் இப்படித்தான்” என்கிறார். அடுத்த பத்து விநாடியில் கல்லாவில் இருப்பவர் செய்வதைப் பொறுத்துத்தான் அந்தப் பணம் கைக்கு வரும், அல்லது போகும்.

பலகாரக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, கானாடுகாத்தான் பக்கம் விடுதியாக மாறிய பழைய வீடு என்று யார் கார்டில் பணம் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். சிப்பைப் போலி செய்வது மிகக் கடினம். அதனால் திருடுகிறவன் சிப்போடு மல்லுக்கட்டுவதில்லை. சிப் இல்லாத வேறு வழிக்கு உங்களை இழுக்கிறான். அந்த வழிகள் எவை, ஒவ்வொன்றையும் எப்படி அடைப்பது என்பதைக் கீழே பார்க்கலாம்.

பட்டை வேறு, சிப் வேறு

கார்டின் முதுகில் ஓடும் கறுப்புப் பட்டை, எழுதி வைத்த சீட்டு மாதிரி. கார்டு எண், காலாவதித் தேதி, மூன்று இலக்கச் சேவைக் குறியீடு, ஒரு சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். எழுதியது எழுதியபடியே கிடக்கும். ஒருமுறை அதைப் படித்தவன் வேறொரு அட்டையில் அப்படியே இறக்கிவிடலாம்.

சிப், கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் ஆள் மாதிரி. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. தொகை, தேதி, மெஷின் அந்த நேரத்தில் உருவாக்கும் ஒரு தற்செயல் எண், கார்டு இதுவரை எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, சாவியைக் கொண்டு 8 பைட் நீளத்தில் ஒரு முத்திரை போட்டுத் தருகிறது. கார்டு கொடுத்த வங்கியால் அதே சாவியை வருவித்து முத்திரையைச் சரிபார்க்க முடியும். 640 ரூபாய் மனகோலத்துக்குப் போட்ட முத்திரை அடுத்த பில்லுக்குச் செல்லாது. யாரேனும் இடையில் நின்று அதைப் பிரதி எடுத்தாலும் பயன் இல்லை.

2018 டிசம்பர் 31-ஐக் கெடுவாக வைத்துப் பட்டை மட்டும் உள்ள பழைய கார்டுகளை மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. ஆனால் சிப் கார்டுகளின் முதுகிலும் பட்டை இன்னும் இருக்கிறது. ஓட்டை அங்கேதான். சேவைக் குறியீட்டின் முதல் இலக்கம் 2 அல்லது 6 என்றால் ‘இதில் சிப் உண்டு’ என்று பொருள். அப்படிப்பட்ட கார்டைத் தேய்த்தால் ‘கார்டைச் சொருகவும்’ என்று மெஷின் திருப்பிவிடும். போலி செய்பவன் அந்த 2-ஐ 1 என்று மாற்றி எழுதினால் என்ன? சரிபார்ப்பு எண் போடப்படுவதே கார்டு எண், காலாவதித் தேதி, சேவைக் குறியீடு மூன்றையும் சேர்த்துத்தான். ஒன்றை மாற்றினாலும் வங்கியில் கணக்கு உதைக்கும். ஆகவே அவன் குறியீட்டைத் தொடுவதில்லை. செத்த சிப் ஒன்றை அட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறான். சிப் இரண்டு மூன்று முறை படியாவிட்டால், அதாவது மெஷினால் அதைப் படிக்க முடியாவிட்டால், பட்டையைத் தேய்க்கச் சில மெஷின்கள் விடும். இதற்கு ஃபால்பேக் என்று பெயர். அவன் காத்திருப்பது அதற்காகத்தான்.

சொருகுவது முதல் சிலிப் கிழிப்பது வரை

முதலில் தொகையை அடித்து, திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். கார்டு அவர் கையிலேயே இருக்கட்டும். “ஆச்சி, நீங்களே சொருகுங்க, நம்பரையும் நீங்களே அழுத்துங்க” என்று சொன்னால் போதும். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிப் உள்ள முனை முன்னால், சிப் மேலே பார்க்க, முட்டும்வரை தள்ள வேண்டும். ‘கார்டை எடுக்கவும்’ என்று திரை சொல்லும்வரை அசைக்கக் கூடாது. அவசரமாக உருவுவதால்தான் பாதி ‘சிப் பிழை’ வருகிறது. பின் (கார்டின் ரகசிய எண்) அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கல்லாவுக்கு மேல் கேமரா மாட்டியிருந்தால் அது விசைப்பலகையைப் பார்க்கிறதா என்று பதிவைப் போட்டுப் பாருங்கள். பார்த்தால் கோணத்தை மாற்றுங்கள்.

5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் டேப் செய்யலாம், அதாவது கார்டைச் சொருகாமல் மெஷின் அருகே காட்டினால் போதும். இந்த வரம்பு 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது, அதற்கு முன் 2,000. டேப்பிலும் வேலை செய்வது அதே சிப்தான், ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. எட்டும் தூரம் சுமார் 4 செ.மீ. தான். மெஷினை இரும்பு மேசை மேலோ பித்தளைத் தாம்பாளத்திலோ வைத்தால் அலை தடைப்படும்; மரப்பலகை மேல் வையுங்கள். பர்ஸோடு காட்டினால் இரண்டு கார்டும் ஒன்றாகப் பேச முயன்று இரண்டுமே தோற்கும்.

சிப் படியவில்லை என்றால் கார்டை உலர்ந்த துணியால் துடைத்து இன்னொரு முறை. அப்போதும் படியாவிட்டால் வேறு கார்டு, யுபிஐ, ரொக்கம் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். தேய்க்காதீர்கள். அடுத்து வருபவரின் கார்டு ஒழுங்காகப் படிந்தால் கோளாறு மெஷினில் இல்லை என்பதும் தெரிந்துவிடும். ஃபால்பேக்கையும் கார்டு எண்ணைக் கையால் தட்டிப் போடும் வசதியையும் உங்கள் மெஷினில் நிறுத்திவைக்கச் சொல்லி, மெஷின் கொடுத்த வங்கிக்கு எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. மெஷினிலேயே வழி இல்லை என்றால் கடைப்பையனை யாரும் பேசி மயக்க முடியாது.

வெளிநாட்டுப் பயணிகள் கார்டில் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கார்டுகள் பல, சொருகினாலும் பின் கேட்காது. சிலிப்பில் கையெழுத்துக் கோடு வரும், சில சமயம் அதுவும் வராது. எந்தச் சரிபார்ப்பு வேண்டும் என்ற வரிசை சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பின் கேட்கவில்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பட்டை மட்டும் உள்ள பரிசுக் கார்டு வந்தால் வாங்க வேண்டாம். கார்டிலிருந்து கம்பியோ மெல்லிய பட்டையோ சட்டைக்கைக்குள் ஓடினால் நிறுத்துங்கள். பின் தெரியாமலே கார்டைப் பயன்படுத்த முடியும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காட்டியது அப்படியொரு இடைக்கருவியை வைத்துத்தான். பின்னைச் சிப் சரிபார்க்கும் முறையில் அது பலித்தது. பின் வங்கிக்கே போய்ச் சரிபார்க்கப்படும்போது அந்த வித்தை பலிக்காது.

மறுப்பு வந்தால் திரையில் வரும் எண்ணைப் படியுங்கள். 51 என்றால் இருப்பு போதவில்லை, 55 என்றால் பின் தவறு, 75 என்றால் பின் முயற்சிகள் தீர்ந்துவிட்டன, 54 காலாவதி, 91 கார்டு வங்கி பதில் தரவில்லை. 57 அடிக்கடி குழப்பும்: அந்தக் கார்டுக்கு அந்த வகைச் செலவு திறந்துவிடப்படவில்லை என்று அர்த்தம். 2020-இல் வந்த விதிப்படி புதுக் கார்டுகளில் டேப், ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு மூன்றும் உரியவர் திறக்கும்வரை மூடியே இருக்கும். டேப்பில் 57 வந்தால் சொருகச் சொல்லுங்கள், பெரும்பாலும் போய்விடும். 41 தொலைந்த கார்டு, 43 திருட்டுக் கார்டு. இந்த இரண்டுக்கும் சரக்கைக் கொடுக்காதீர்கள்; ஆளோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம், கடையைக் காப்பதுதான் உங்கள் வேலை.

எண்ணெய், சிமெண்ட், கனத்த சுவர்

மோசடியை விடப் பழுதுதான் அடிக்கடி வரும். பழுதுதான் மோசடிக்குக் கதவும் திறக்கும். சீப்புச் சீடையும் கைமுறுக்கும் கட்டிக்கொடுக்கும் கையோடு கார்டைத் தொட்டால் எண்ணெயும் மாவும் சொருகும் வாய்க்குள் போய்ச் சிப் தொடும் முனைகளில் படியும். பண்டிகை நாள் சாயங்காலத்துக்குள் நல்ல கார்டும் படியாது. கூட்டம் நெருக்கும்போது ‘தேய்த்துவிடுவோம்’ என்ற எண்ணம் தானாக வரும். அதனால் பொட்டலம் கட்டும் கையும் கல்லாக் கையும் வேறாக இருக்கட்டும். மெஷினுக்கென்றே விற்கும், ஆல்கஹால் தோய்ந்த துப்புரவு அட்டையை வாரம் ஒருமுறை, தீபாவளி வாரத்தில் தினமும் போடுங்கள். மெஷினை அணைத்துவிட்டு அட்டையை நாலைந்து முறை உள்ளே வெளியே இழுத்து, சில நிமிடம் உலரவிட்டுப் போடுங்கள். தெளிப்பான், ஊசி, உப்புத்தாள் எதையும் உள்ளே விடக் கூடாது. டைல்ஸ் பட்டறையில் சிமெண்ட் தூசு இதைவிடக் கெடுதல். பயன்படுத்தாத நேரத்தில் மூடிய பெட்டியில் வையுங்கள்.

விடுதிகளுக்கு வேறொரு தொல்லை. செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவருக்குள், வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்தால் சிம் சிக்னல் தடுமாறும். ஆகவே பணியாள் விருந்தினரின் கார்டை வாங்கிக்கொண்டு முகப்புக்கோ திண்ணைக்கோ போய்விடுகிறார். இதை விடவே கூடாது. கார்டு கண்ணை விட்டு மறையும் அரை நிமிடம் முன்பின் இரண்டு பக்கமும் படம் எடுக்கப் போதும். அதன்பின் வெளிநாட்டு இணையக் கடைகளில் ஓடிபி இல்லாமலே செலவழிக்கலாம். மெஷினை வைஃபையில் இணைத்து வளவுக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் விருந்தினரைத் திண்ணைக்கு அழையுங்கள்.

சிக்னல் பாதியில் அறுந்து, வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, உங்களுக்கு ஒப்புதல் வராவிட்டால் உடனே மறுபடி போடாதீர்கள். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். ஒப்புதல் இல்லை என்றால் அது விற்பனை அல்ல. அவருடைய செல்லுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தாலும் அல்ல. அப்படிக் கழிந்த தொகை பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் வந்த விதி. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால் சண்டை வராது.

மெஷினை யார் தொடலாம்

பர்மா, மலாயாவில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய கிட்டங்கிகளில் மேலாளுக்கு ஒரு வேலை, அடுத்தாளுக்கு ஒரு வேலை, பெட்டியடிப் பையனுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். கார்டு மெஷினுக்கும் அதுவே சரியான ஏற்பாடு. விற்பனை போடுவது கல்லாவில் இருப்பவர். வாய்ட், ரீஃபண்ட் இரண்டுக்கும் கடவுச்சொல் மேலாளிடம் மட்டும். மெஷினோடு வரும் பொதுக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். அது ஊருக்கே தெரிந்த எண்ணாக இருக்கும். கணக்கு முடிக்குமுன் அன்றைக்கே ரத்து செய்வது வாய்ட். முடித்தபின் திருப்பித் தருவது ரீஃபண்ட். இரண்டும் எந்தக் கார்டில் வாங்கினீர்களோ அதே கார்டுக்குத்தான் போக வேண்டும். “அந்தக் கார்டு தொலைஞ்சு போச்சு, இதுல போடுங்க” என்பவருக்கு ஒரே பதில், முடியாது என்பது.

கைகாரர்கள் பயன்படுத்தும் இன்னொரு வழி, சில மெஷின்களில் இருக்கும் ஆஃப்லைன் விற்பனை. கார்டு மறுக்கப்படும். வாடிக்கையாளர் செல்லில் ‘வங்கியை’ அழைப்பார். மறுமுனை ஆறு எழுத்தில் ஒப்புதல் எண் சொல்லும். அதை அடித்தால் மெஷின் வங்கியைக் கேட்காமலே சிலிப் அச்சிடும். சில நாள் கழித்து அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும். ஒப்புதல் எண்ணை வாடிக்கையாளர் வாயிலிருந்தோ அவர் செல்லிலிருந்தோ ஒருபோதும் வாங்காதீர்கள்; இந்த வசதியையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் தாமே அந்த வசதிக்குள் போய்விடாதபடி, பின் அழுத்த மெஷினை நீட்டும்போது ஒரு கை அதன் மேல் இருக்கட்டும்.

அடுத்தது மெஷினையே மாற்றுவது. அடையாள அட்டை தொங்க, “அப்டேட் பண்ண வந்திருக்கேன்” என்று ஒருவர் வருவார். வைத்துவிட்டுப் போவது கார்டு விவரமும் பின்னும் பதியும் மெஷின், அல்லது பணம் வேறு கணக்குக்குப் போகும் மெஷின். இதற்கான காப்பு எளிது. மெஷின் வந்த அன்றே அடிப்பகுதியைப் படம் எடுங்கள்: தொடர் எண், முத்திரை ஸ்டிக்கர், திருகுகள். சிலிப்பில் வரும் 8 இலக்க டெர்மினல் எண்ணைச் சிட்டையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் கடை திறந்ததும் முதல் சிலிப்பில் கடைப் பெயரும் அந்த எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சொருகும் வாயில் விரலால் தடவி, உள்ளே ஏதும் மெல்லிய தகடு உறுத்துகிறதா, விசைப்பலகை எழும்பி நிற்கிறதா என்றும் பாருங்கள். யார் வந்தாலும், வங்கி கொடுத்த ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்கள் அழைத்து உறுதி செய்தபிறகே மெஷினைக் கொடுக்க வேண்டும். வந்தவர் தரும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. தரமான மெஷினைத் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் சாவிகள் தாமே அழிந்து மெஷின் நின்றுவிடும். அப்படி நின்றுபோன மெஷினை வெளிக்கடையில் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள்.

கார்டு கையில் இல்லாத விற்பனை

விடுதி முன்பதிவும் பழம்பொருள் ஏற்றுமதியும் இங்கேதான் அடிபடுகின்றன, ஏனென்றால் இங்கே சிப்பே இல்லை. வாட்ஸ்அப்பில் கார்டின் படம் வாங்கி வைப்பது பெரிய தவறு. சிவிவி எண்ணைச் சேமிப்பதற்குக் கார்டு நிறுவனங்களின் விதியில் இடமே இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் கடைக்காரர் கார்டு எண்ணையும் வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான். பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். அதில் 3டி செக்யூர் சரிபார்ப்பு (கார்டு கொடுத்த வங்கியே ஓடிபி போன்றவற்றால் உரியவரை உறுதி செய்வது) கட்டாயமா என்று சேவை தருபவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தச் சரிபார்ப்பு முடிந்திருந்தால், ‘நான் வாங்கவில்லை’ என்ற புகாரில் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். வெறும் எண்ணைத் தட்டிப் போட்டிருந்தால் உங்கள் தலையில் விழும்.

மிகை கட்டணம் கட்டும் மோசடியை விடுதிக்காரர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைக்க வேண்டும். பத்துப் பேருக்கு அறை கேட்டு, கூடுதலாகப் பணம் கட்டி, “மிச்சத்தை எங்க டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிடுங்க” என்பார்கள். கட்டியது திருட்டுக் கார்டு. நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம். கார்டில் வந்த மிச்சம் அதே கார்டுக்கு ரீஃபண்டாக மட்டுமே திரும்பலாம்.

பழம்பொருள் விற்போருக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டடத்திலிருந்து பெயர்த்த தூணும் நிலையும் இதில் அடக்கம். பணத்தை வாங்கிவிட்டுச் சரக்கு சுங்கத்தில் நின்றால், ‘பொருள் வரவில்லை’ என்று வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பார், ஜெயிப்பார். பொருளின் வயதை உறுதி செய்தபிறகு கார்டில் பணம் வாங்குங்கள்.

சாயங்காலக் கணக்கு

1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கினார். அன்றன்றைய வரவை அன்றன்றைக்கே சிட்டையில் ஏற்றும் பழக்கம் இந்த மண்ணில் அதற்கும் முந்தியது. அந்தப் பழக்கமே இங்கே நல்ல பாதுகாப்பு. கடை அடைக்குமுன் பேட்ச் (மெஷினில் அன்றைய கார்டுக் கணக்கு) முடித்து, மெஷின் தரும் மொத்தத்தைப் பில் மொத்தத்தோடு பொருத்துங்கள். வாய்ட், ரீஃபண்ட் எத்தனை, யார் போட்டது என்று தனியே எழுதுங்கள். மறுநாள் வங்கியில் ஏறிய தொகை, கட்டணக் கழிவு போக, பொருந்துகிறதா என்று பாருங்கள். ரீஃபண்ட் திருட்டு பெரும்பாலும் சின்னத் தொகையாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது.

சிலிப்பில் 12 இலக்க ஆர்ஆர்என் (பரிவர்த்தனையைத் தேடி எடுக்க உதவும் எண்), ஒப்புதல் எண், ‘சிப்’ என்ற குறிப்பு, பின் சரிபார்க்கப்பட்ட விவரம் நான்கும் உங்கள் சாட்சி. வாடிக்கையாளர் புகார் 120 நாள் வரைகூட வரலாம். சிலிப்புகளை ஒன்றரை வருடம் வைத்திருங்கள். வெப்பத்தாள் எண்ணெய் பட்டாலும், வெயிலில் கிடந்தாலும், பிளாஸ்டிக் உறையில் இருந்தாலும் வெளுத்துப்போகும். பெரிய தொகைச் சிலிப்பை அன்றே படம் எடுத்து, தாளைக் காகித உறையில் போடுங்கள்.

பணம் போய்விட்டால்

வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமாருக்கும் ஐயாக்களுக்கும் நடப்பது பெரும்பாலும் ஏடிஎம்மில். உதவுவதுபோல் வந்தவர் பின்னைப் பார்த்துக்கொண்டு, அதே வங்கியின் வேறு கார்டைக் கையில் கொடுத்துவிடுவார். உண்மையான கார்டு, உண்மையான பின்; சிப்பால் ஒன்றும் செய்ய முடியாது. கார்டில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், ஏடிஎம்மை விட்டு இறங்குமுன் அந்தப் பொட்டைப் பார்க்கப் பழக்குங்கள், வங்கி ஆப்பில் ஒருநாள் எடுக்கும் வரம்பை 5,000 அளவுக்குக் குறைத்து, ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் மூடிவிடுங்கள்.

பணம் போனது தெரிந்ததும் முதலில் கார்டை முடக்குங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். பிறகு வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிலும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியின் தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். பின்னையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்களுடையது. கொடுத்த பிறகு போவது வங்கியுடையது. ஆகவே சொல்லிவிட்டோமே என்று கூச்சப்பட்டு ஒரு மணி நேரமும் தள்ளாதீர்கள். தகவல் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448. புகார் எண், சிலிப் படம், குறுஞ்செய்தி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.